லொறி டீசலை எங்கே கரைக்கிறது: கிழக்கு மாகாணத்திலிருந்து மூன்று பாதைகள்

லொறி வழக்கத்தைவிடக் கூட டீசல் குடிக்கிறது என்று சொல்லிக்கொண்டு மட்டக்களப்பில் எந்தக் கராஜுக்குப் போனாலும் பேச்சு எஞ்சினுக்கு டீசலைத் தள்ளும் பம்பில்தான் தொடங்கும். "பம்பைக் கழட்டிப் பார்ப்பம் மனே" என்பார்கள். பம்பிலும், டீசலை எஞ்சினுக்குள் தூவும் நொசிலிலும் கோளாறு இருக்கலாம்தான். ஆனால் ஒரு கோளாறும் இல்லாத அதே லொறி, ஒரே கிழமைக்குள் ஒரு நடையில் லீற்றருக்கு எட்டுக் கிலோமீற்றரும் அடுத்த நடையில் ஆறும் ஓடும். பம்ப் அப்படியே இருக்கிறது. மாறியது பாதையும் வேகமும் சுமையும். எனவே பம்பைக் கழட்டுவதற்கு முன்னால் லொறி எந்த வீதியில் எப்படி ஓடியது என்று கேட்பதே சரியான வரிசை என்பது என் எண்ணம். அதிலும், கல்முனை வீதியில் டீசலை மிச்சம் பிடிக்கும் வழி பொலன்னறுவை வீதியில் உதவாது. பொலன்னறுவை வீதிக்கான வழி மலைநாட்டு ஏற்றத்தில் உதவாது.

ஏன் என்று பார்க்கக் கொஞ்சம் கணக்கு வேண்டும். ஒரு லீற்றர் டீசலில் ஏறத்தாழ 36 மெகாஜூல் சக்தி இருக்கிறது. அதே அளவு பெற்றோலில் உள்ளதைவிடப் பத்து வீதமளவு கூட. டீசல் எஞ்சின் காற்றைப் பதினாறு, பதினெட்டு மடங்கு அமுக்கி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைக்கிறது. பெற்றோல் எஞ்சினைப்போல் உள்ளே வரும் காற்றை நெரித்து அளப்பதில்லை. பாரம் இழுக்கும் வேலை டீசலிடம் போய்ச் சேர்ந்ததற்கு இவைதான் காரணம். அப்படியிருந்தும் அந்த 36இல் சில்லு வரைக்கும் வந்து சேர்வது மூன்றிலொரு பங்குதான். மிச்சமெல்லாம் புகைக்குழாய் வழியாகவும் றேடியேற்றர் வழியாகவும் சூடாகப் போய்விடுகிறது. புதிய எஞ்சின்கள் நாற்பது வீதத்தைத் தொடும். ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 வரை கதவு பெரும்பாலும் மூடியே கிடந்த நாடு இது. நம் வீதிகளில் ஓடும் பழைய எல்ஃப், கன்டர் லொறிகளுக்கு மூன்றிலொன்று என்று வைப்பதே நியாயம். அதாவது லீற்றருக்கு 12 மெகாஜூல். இனி வரும் கணக்கெல்லாம் இந்தப் பன்னிரண்டை வைத்துத்தான்.

லொறியையும் ஒன்று வைத்துக்கொள்வோம். சுமையோடு மொத்தம் 8 தொன், அதில் சாமான் நாலரைத் தொன். வெறும் லொறி மூன்றரைத் தொன். நெல் மூட்டை, மீன், மரக்கறி, சீமெந்து என்று நம் பக்கம் ஓடும் நடுத்தர லொறிகளுக்கு இது பொருந்தும். சமதரையில் சீராக ஓடும்போது அதன் டீசலைத் தின்பவை இரண்டு: டயர் உருளும்போது எழும் எதிர்ப்பு, முன்னால் மோதும் காற்று. டயரின் எதிர்ப்பு வேகத்தோடு பெரிதாக மாறாது. நூறு கிலோமீற்றருக்கு ஆறரை லீற்றரளவு அதற்கே போகும். காற்றின் எதிர்ப்போ வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். மணிக்கு 50 கிலோமீற்றரில் ஓடினால் நூறு கிலோமீற்றருக்கு நாலு லீற்றருக்குச் சற்றுக் கீழ், 60இல் ஐந்தரை, 80இல் பத்து. மூன்றாவதாக, ஓடும் லொறியை நிறுத்தி மறுபடி இழுக்கும் செலவு. நாலாவது, மேட்டில் ஏற்றும் செலவு. இந்த நாலும் பாதைக்குப் பாதை இடம் மாறுகின்றன.

கரையோர வீதி

கல்லடிப் பாலம் தாண்டிய ஏ4 வீதி கல்முனை வரைக்கும் ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர். மேடு பள்ளமே இல்லை. படத்தில் பார்த்தால் டீசல் மிச்சப்படுத்த இதைவிட நல்ல வீதி இலங்கையில் இல்லை என்று தோன்றும். ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். காத்தான்குடியில் ஈச்சமர வரிசைக்குள் நுழைந்ததும் முச்சக்கரவண்டி, துவிச்சக்கரவண்டி, கடைக்கு முன்னால் பாதி வீதியில் நிற்கும் வான். பிறகு ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்லாறு, மருதமுனை, பாண்டிருப்பு. ஓர் ஊர் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளி சில இடங்களில் தெரியாது. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் மஞ்சள் கடவைக்கு மஞ்சள் கடவை நிற்க வேண்டும்.

8 தொன் லொறியை 50இலிருந்து முழுதாக நிறுத்தினால், அந்த வேகத்தை மறுபடி எடுக்க 65 மில்லிலீற்றர் டீசல் வேண்டும். பதினைந்து தடவை நின்று எழும்பினால் ஒரு லீற்றர் போயிற்று. 60இலிருந்து நிறுத்தினால் 93 மில்லிலீற்றர்; 40இலிருந்து என்றால் 41 மட்டும். சமதரையில் 50இல் சீராக ஓடினால் கல்முனை வரை நாலு லீற்றரும் கொஞ்சமும் போதும். வழியில் இருபது தடவை முழுதாக நின்றால் அதன் மேல் இன்னும் 1.3 லீற்றர். அதாவது முப்பது வீதம் கூட.

அந்த 1.3 லீற்றர் பிரேக் லைனரில் சூடாகிக் கரைகிறது. அதனால்தான் இந்த வீதியில் கெட்டிக்காரச் சாரதியின் கால் பிரேக்கைத் தேடுவதில்லை. சந்தி இருநூறு முந்நூறு மீற்றர் முன்னால் தெரியும்போதே அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்து, கியரிலேயே லொறியைத் தளரவிடுவார். 30க்குத் தளர்வதற்குள் வழி திறந்துவிட்டால், முழுதாக நின்று எழும்பும் செலவில் மூன்றிலொரு பங்குக்கு மேல் மிச்சம். ஊருக்குள் 50இல் பாய்ந்து பாய்ந்து நிற்பதைவிட 40இல் ஊர்வது நிறுத்தமொன்றுக்கு அதே அளவு மிச்சம் தரும். நேரத்தில் பெரிய வித்தியாசம் வராது. முந்திப் போன லொறியை அடுத்த சந்தியில் எப்படியும் பிடித்துவிடலாம்.

கியரும் இங்கேதான் பேசும். டீசல் எஞ்சின் ஆகக் குறைந்த எரிபொருளில் வேலை செய்வது நடுத்தரச் சுழற்சியில், நல்ல சுமையின் கீழ். இந்த அளவு எஞ்சின்களில் நிமிடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறிலிருந்து இரண்டாயிரம் சுற்று என்று சொல்லலாம். இரண்டாம் கியரில் அலறவிட்டு இழுப்பது வேகம் போலத் தோன்றும், டீசலைத்தான் விழுங்கும். கியரை வெள்ளெனவே மாற்ற வேண்டும். ஆனால் எஞ்சின் முக்கி நடுங்கும் அளவுக்கு இல்லை. சுற்று காட்டும் முள் வேலை செய்யாத லொறிகள் ஏராளம் என்பதால் காதைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

லொறிக் கூரையில் பூட்டும் காற்றுத் தடுப்புத் தகட்டை விற்க வருபவரிடம் ஒரு கேள்வி போதும்: இந்த லொறி எந்த வீதியில் ஓடுகிறது? வேகமே எடுக்க முடியாத மட்டக்களப்பு–அக்கரைப்பற்று நடைக்கு அந்தத் தகடு அலங்காரம்தான்.

மேற்கே போகும் வீதி

ஏ15இல் ஏறாவூர், செங்கலடி தாண்டி, வாழைச்சேனைக்கு அப்பால் திருகோணமலை வீதியை விட்டு ஏ11இல் திரும்பினால் கதை தலைகீழ். புனானை, வெலிக்கந்தை, மன்னம்பிட்டி என்று காட்டை வெட்டிய நேர்ப்பாதை. நிறுத்தம் அரிது. இங்கே டீசலைத் தின்பது காற்று.

60இல் ஓடும்போது டயரும் காற்றும் கிட்டத்தட்டச் சமமாகப் பங்கு கேட்கும். இரண்டுக்கும் சேர்த்து நூறு கிலோமீற்றருக்குப் பன்னிரண்டு லீற்றர். 80க்கு ஏற்றினால் பதினாறரை. லீற்றருக்கு எட்டு ஓடிய லொறி ஆறுக்கு இறங்குவது இப்படித்தான். கொழும்புக்குப் போகும் வழியில் இப்படித் திறந்த வீதி இருநூறு கிலோமீற்றர் கிடைக்கிறது என்று வைத்தால், 80இல் போய் மிச்சம் பிடிப்பது ஐம்பது நிமிடம். கொடுப்பது ஒன்பது லீற்றருக்குச் சற்றுக் குறைவு. அந்த ஐம்பது நிமிடத்துக்கு அவ்வளவு பெறுமதி இருக்கிறதா என்பதைச் சாமான்தான் சொல்ல வேண்டும். பேலியகொடை மீன் சந்தைக்கு விடியமுன் ஐஸோடு போய்ச் சேர வேண்டிய கூலர் லொறிக்கு இருக்கலாம். நெல் மூட்டைக்கும் சீமெந்துக்கும் நிச்சயமாக இல்லை. இரவில் அந்தக் காட்டு வீதியை யானை கடக்கும் என்பதையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

வெளியூர் எழுத்துகளில் வராத ஒன்று இங்கே உண்டு: கச்சான். வைகாசி கழிந்தால் மேற்கிலிருந்து வரும் அந்த வறட்டுக் காற்று, பொலன்னறுவை நோக்கிப் போகும் லொறியின் முகத்தில் நேரே அடிக்கும். காற்று எதிர்ப்பைத் தீர்மானிப்பது வீதியோடு ஒப்பிட்ட வேகம் அல்ல, காற்றோடு ஒப்பிட்ட வேகம். கச்சான் மணிக்கு 20 கிலோமீற்றரில் எதிர்த்தால், 60இல் போகும் லொறிக்கு விழும் அடி 80இல் போகும் லொறிக்குரியது. முள் 60இலேயே நிற்கும், டீசல் 80இன் கணக்கில் போகும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளும்; ஆனால் போனபோது இழந்தது முழுதாகத் திரும்பாது, ஏனென்றால் வர்க்கக் கணக்கில் கூடுவதன் அளவு குறைவதன் அளவைவிடப் பெரிது. ஆகவே கச்சான் காலத்தில் மேற்கு நோக்கிய நடையில் பத்துக் கிலோமீற்றர் வேகத்தைக் குறைப்பது மற்ற மாதங்களில் குறைப்பதைவிடக் கூடப் பலன் தரும். கச்சான் தணிந்திருக்கும் விடியற்புறத்தில் கிளம்புவது இன்னும் நல்லது.

சாமானின் வடிவமும் இங்கே முக்கியம். கேபினைவிட உயர்ந்து நிற்கும் பெட்டிக்குக் கூரைத் தகடு உதவுவது இந்த வீதியில்தான். படங்கு தளர்ந்து படபடவென்று அடித்துக்கொண்டு போனால் காற்று அந்த இடத்தில் கிழிபட்டுச் சுழலும். இறுக்கிக் கட்ட ஐந்து நிமிடம் போதும். வெறும் டிப்பரின் திறந்த வயிறும் காற்றைப் பிடித்து இழுக்கும். மணல் ஏற்றும்போது மட்டும் படங்கு போடுபவர்கள் திரும்பி வரும் வெறும் நடையிலும் போட்டுப் பார்க்கலாம்.

ஏற்றம்

அம்பாறையிலிருந்து ஏ27இல் மகா ஓயா போய், பதியத்தலாவை, மகியங்கனை வழியாகப் பதினெட்டு வளைவு ஏறிக் கண்டிக்குப் போகும் லொறிக்குக் காற்று ஒரு பொருட்டல்ல. 8 தொன்னை நூறு மீற்றர் உயர்த்த, வேறெந்தச் செலவும் இல்லாமல், 0.65 லீற்றர் வேண்டும். இதைச் சாரதியின் திறமையால் குறைக்க முடியாது. உயரமும் பாரமும் பேரம் பேசாது. நுவரெலியாவின் உயரம் 1,868 மீற்றர். நிறை லொறி அவ்வளவுக்கு ஏற 12 லீற்றர். மூன்றரைத் தொன் வெறும் லொறி ஏற ஐந்தரை லீற்றருக்குக் கீழ். மரக்கறி எடுக்க மேலே வெறுமையாய்ப் போய் நிறைய ஏற்றிக்கொண்டு இறங்கும் நடை, அரிசியோடு மேலே போய் வெறுமையாய் இறங்கும் நடையைவிட டீசலில் மலிவாக முடிவது இதனால்தான்.

இறக்கத்தில்தான் பெரும் மூடநம்பிக்கை நிற்கிறது. நியூட்ரலில் போட்டு உருளவிட்டால் டீசல் மிச்சம் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மை எதிர்மாறு. கியரில் வைத்து அக்சிலேற்றரை விட்டால், சில்லுகளே எஞ்சினைச் சுழற்றும். பழைய மெக்கானிக்கல் பம்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னரும் சரி, புதிய கொமன் ரெயில் எஞ்சினின் கணினியும் சரி, அந்த நேரத்தில் டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில் எஞ்சின் தன்னைத்தானே உயிரோடு வைத்திருக்க டீசல் குடித்தாக வேண்டும். அதோடு எஞ்சின் பிடிப்பும் எக்ஸோஸ்ட் பிரேக்கும் இல்லாமல் போய், முழுப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும். லைனர் சூடேறிப் பிடிக்காமல் போவது அந்த வளைவுகளில் உயிர்ப் பிரச்சினை. சாவியை நிறுத்தி இறக்குபவர்களோ ஸ்டியரிங் உதவியையும் சேர்த்து இழக்கிறார்கள்.

டயர், எயார் ஃபில்டர், அதன் பிறகு பம்ப்

மூன்று பாதைக்கும் பொதுவான ஆதாயம் ஒன்று இருந்தால் அது டயர் காற்று. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. அந்த வேலையில் சூடாகிப் போவது டீசல்தான். காற்றழுத்தம் பத்து பீ.எஸ்.ஐ. குறைந்தால் எரிபொருள் ஒரு வீதமளவு கூடும் என்பது லொறித் தொழிலில் பரவலாக எடுக்கும் கணக்கு. ஒரு வீதம் சின்னதாகத் தெரியும், ஆனால் அளந்து சரிசெய்யச் செலவே இல்லாத ஒரு வீதம் அது. அளக்க வேண்டியது விடியற்காலையில், ஓடமுன். நண்பகலில் ஓடிச் சூடான டயரில் காற்றுக் கூடியிருப்பதைப் பார்த்துக் கொஞ்சம் இறக்கிவிடும் பழக்கம் நம் வெயிலில் சாதாரணம்; மறுநாள் காலை அதே டயர் குறைந்த காற்றோடு ஓடத் தொடங்கும். பின்பக்க இரட்டைச் சில்லில் உள்டயரை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அதில் குறைந்தால் வெளிடயர் சுமையைத் தனியே சுமக்கும், உள்டயர் தரையில் தேய்ந்துகொண்டு இழுபடும். நைலோன் டயரைவிட ரேடியல் உருள்வது இலகு. அடுத்த சோடி டயர் வாங்கும்போது விலையோடு இதையும் பார்க்கலாம்.

எயார் ஃபில்டர், மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரைக்குரிய விடயம். வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கத்துக் கிரவல் வீதிகளில் வேளாண்மை வெட்டுக் காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக லொறியும் உழவு இயந்திரமும் ஓடும்போது பின்னால் வருபவர் குடிப்பது புழுதி. பழைய டீசல் எஞ்சினில் பம்ப் காற்றின் அளவைப் பார்த்து டீசலைக் குறைக்காது. காற்றுக் குறைந்தால் எரியாத டீசல் கரும்புகையாகும். சாரதி இழுவை போதவில்லை என்று இன்னும் மிதிப்பார், புகை இன்னும் கறுக்கும். ஆகவே சர்வீஸ் இத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை என்ற அட்டவணை வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் ஓடும் லொறிக்குத்தான். புழுதியில் உழைக்கும் லொறிக்கு வெட்டு முடிந்ததும் ஃபில்டரைக் கழட்டிப் பார்ப்பதே சரி.

இத்தனையும் பார்த்த பிறகும் புகை போகாவிட்டால் பம்பையும் நொசிலையும் நினைக்கலாம். கரும்புகை என்றால் காற்றுக் குறைவு அல்லது டீசல் கூடுதல். நொசில் பனித்துகளாகத் தூவாமல் சொட்டினாலும் கரும்புகைதான். நீலம் என்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது, அதற்குப் பம்பில் மருந்தில்லை. எஞ்சின் சூடான பிறகும் வெண்புகை நின்றால், எரியாத டீசலோ றேடியேற்றர் தண்ணீரோ உள்ளே போகிறது. இழுவை கூட வேண்டுமென்று பம்பின் திருகைக் கூட்டிவைப்பதும் நடக்கிறது. இழுவை கூடும், உண்மை. டீசலும் புகையும் அதைவிடக் கூடும். வருடாந்தப் புகைப் பரிசோதனைக்கு முதல்நாள் குறைத்து, மறுநாள் கூட்டுபவர்களும் இருக்கிறார்கள்!

மண்ணெண்ணெய் கலப்பது பற்றியும் சொல்ல வேண்டும். 2022 ஓகஸ்ட்டில் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறும் வரை மண்ணெண்ணெய் டீசலைவிட மிக மலிவு, கலப்புக்குத் தூண்டுதலும் பெரிது. மண்ணெண்ணெயின் அடர்த்தி குறைவென்பதால் லீற்றருக்கு மூன்று நாலு வீதம் சக்தியும் குறைவு. அதைவிடப் பெரிய கேடு, பம்புக்குள் உராய்வைத் தடுக்கும் வழுவழுப்பு அதில் இல்லை. டீசலே மசகாகவும் இருக்கும் பம்ப் தேய்ந்து போகும். டீசல் குழாயில் காந்தம் மாட்டும் கருவி, தாங்கிக்குள் போடும் குளிசை வகையறாவுக்கு அதிகம் பேசத் தேவையில்லை. அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகவரகம் இப்படிப்பட்ட எரிபொருள் சேமிப்புக் கருவிகள் நூற்றுக்கு மேல் ஆராய்ந்து, குறிப்பிடத்தக்க மிச்சம் தரும் ஒன்றைக்கூடக் காணவில்லை.

சுமையும் வெறும் நடையும்

சமதரையில் 60இல் ஓடும் வெறும் லொறி, நிறைலொறி குடிப்பதில் பத்தில் ஏழு பங்கைக் குடிக்கும். காற்றுக்கு உள்ளே சாமான் இருக்கிறதா என்று தெரியாது. ஆகவே நெல்லை இறக்கிவிட்டு வெறுமையாய்த் திரும்பும் நடையில் போகும் டீசல், மேலே சொன்ன எல்லாச் சிக்கனத்தையும் சேர்த்தாலும் ஈடாகாத இழப்பு. தம்புள்ளையில் மரக்கறியோ, கண்டியில் வேறேதும் சரக்கோ பிடித்துக்கொண்டு திரும்பத் தெரிந்த லொறிக்காரர் அரை நாள் காத்திருந்தாலும் முன்னுக்கு நிற்பார்.

இதே கணக்கு ஒரு சங்கடமான உண்மையையும் காட்டுகிறது. நாலரைத் தொன்னுக்குப் பதிலாக ஆறரைத் தொன் ஏற்றினால் சாமான் 44 வீதம் கூடும். டீசல் சமதரையில் 13 வீதம்தான் கூடும். மிகைச்சுமை ஏற்றுபவர் முட்டாள் அல்ல, டீசலை மட்டும் பார்த்தால் அவர் செய்வது சரி. விலை வேறிடத்தில் விழுகிறது: டயர், ஸ்பிரிங் பட்டை, பிரேக், பொலிஸ் தண்டம். வீதிக்கு வரும் சேதமோ அச்சுப் பாரத்தின் நாலாம் அடுக்கோடு ஏறும் என்பது வீதிப் பொறியியலின் பழைய கணக்கு. பாரம் கால்பங்கு கூடினால் சேதம் இரண்டரை மடங்குக்கு அண்மை. படுவான்கரையின் உள்வீதிகள் வெட்டுக் காலத்துக்குப் பிறகு எப்படி இருக்கின்றன என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சாரதிக்கு என்ன கிடைக்கும்?

2022இன் முதல் பாதிக்குள் டீசல் லீற்றர் 121 ரூபாவிலிருந்து 460 ரூபாவுக்குப் போனது. ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்கான கியூஆர் அட்டை வந்து, லொறிக்குக் கிழமைக்கு 50 லீற்றர் என்று கட்டியது. மேலே சொன்ன கணக்கில் 50 லீற்றர் என்பது நிறைலொறிக்குத் திறந்த வீதியில் 400 கிலோமீற்றர். கொழும்புக்குப் போய்த் திரும்ப அறுநூறுக்கு மேல் வேண்டும். அந்த நாட்களில் வேகத்தைக் குறைக்கச் சொல்லி யாரும் யாருக்கும் புத்தி சொல்லவில்லை, ஒவ்வொரு சாரதியும் தானாகவே காலை இறக்கினார். அடுத்த ஆண்டு பங்கீடு எடுபட்டதும் பழைய ஓட்டம் திரும்பியது.

இதில் வியப்பில்லை. நம் பக்கம் பெரும்பாலான சாரதிகளுக்குக் கூலி நடைக் கணக்கில். வெள்ளென முடித்தால் இன்னொரு நடை கிடைக்கும். டீசல் முதலாளியின் பணம். 80இல் ஓடுவதன் ஐம்பது நிமிடம் சாரதிக்கு, ஒன்பது லீற்றர் முதலாளிக்கு. ஆலை வாசலில் வரிசையில் நிற்கும்போது எஞ்சினை ஓடவிட்டால் மணிக்கு ஒரு லீற்றரளவு போவதும் முதலாளிக்கே. இந்த ஒழுங்கை வைத்துக்கொண்டு சாரதியைத் திட்டுவது நேர்மையான செயலாக எனக்குத் தெரியவில்லை.

மிச்சமாகும் டீசலில் ஒரு பங்கைச் சாரதிக்குக் கொடுக்க முன்வரும் முதலாளிகள் முதலில் அளவைச் சரியாக எடுக்க வேண்டும். தாங்கியை விளிம்புவரை நிரப்பி, நடை முடிந்து அதே நிரப்பு நிலையத்தில் மறுபடி நிரப்பி, இடையில் ஓடிய கிலோமீற்றரை மறுபடி நிரப்பிய லீற்றரால் வகுப்பதுதான் நம்பகமான முறை. கிலோமீற்றர் முள் செத்த லொறியில் இதைத் தொடங்கவே முடியாது. கேபிள் மாற்றும் செலவு பெரிதல்ல. ஒரு நடையை வைத்து முடிவு கட்டாமல் பல நடைகளின் சராசரியை எடுக்க வேண்டும். அந்தச் சராசரியும் லொறிக்கு ஒன்றல்ல, பாதைக்கு ஒன்று: கல்முனைக்கு ஓர் அளவு, பொலன்னறுவைக்கு ஓர் அளவு, கண்டிக்கு ஓர் அளவு, கச்சான் மாதங்களில் மேற்கே போவதற்கு வேறோர் அளவு. எல்லாவற்றுக்கும் லீற்றருக்கு ஏழு என்று ஒரே கோட்டைக் கீறினால், கண்டிக்கு ஓடியவர் திருடன் ஆவார், கரையோரத்தில் வெறும் லொறி ஓட்டியவர் பரிசு வாங்குவார்.